பின்பெட்டியில் ஏறியவர்கள்

ஒஸ்லோவில் ஹவுகெட்டோப் பக்கம் பிக்கப் வைத்திருக்கும் தமிழன் யார் என்று கேட்டால் அருட்செல்வத்தைத்தான் காட்டுவார்கள். அவன் என் தங்கச்சி அனஸ்ரேசியாவின் மூன்றாவது மகன். தகப்பன் மரியாம்பிள்ளை குருநகரில் சொந்தப் படகு வைத்திருந்தவர். அவருடைய தாயும் எங்கள் அப்புவும் அண்ணன் தங்கை முறை. எந்த வழியால் எண்ணி வந்தாலும் அவன் எனக்குப் பிள்ளைதான். அதனால் அவனைப் பற்றி நான் சொன்னால் கொஞ்சம் பட்சமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்து, மரியாம்பிள்ளையின் படகு கரையிலேயே கிடந்து உக்கிப்போனது. தகப்பனும் மகனும் ஒவ்வொரு நாளும் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்கள். பிறகு பொடியன் நோர்வேக்கு வந்தான். வடக்கே, மாதக்கணக்கில் வெய்யிலே எட்டிப் பாராத ஓர் ஊரில் மீன் தொழிற்சாலை வேலை. பத்து வருடம், மற்றவர்கள் பிடித்து வந்த மீனை வெட்டினான். அந்த உழைப்பில்தான் அவனுடைய தமக்கை புஷ்பமலர் இங்கே வந்தாள். என் மனுசன் மோசம்போனபிறகு தனியே கிடந்த நானும் வந்தேன். எங்களை இங்கே கூப்பிட்டு எடுப்பித்ததை ஒரு நாளும் அவன் சொல்லிக் காட்டியது இல்லை. ஆனால் ஒருவரிடமும் ஓர் உதவி கேட்டதும் இல்லை. வீடு மாறியபோது சோபாவைக்கூடத் தானே முதுகில் வைத்து இறக்கியவன். வாங்கிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு மனக்குறை என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஒஸ்லோவுக்கு வந்து, பஸ் ஓட்டும் வேலை நிரந்தரமாகி, இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கோடையில் ஒரு பழைய படகு வாங்கினான். கீழே பியோர்ட் என்கிற கடல் ஒடுக்கத்தின் கரையில், படகு தண்ணீரில் நின்றபடியே வாங்கியது. முதல் நாள் மக்ரெல் மீன் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவனைப் பார்த்து, தகப்பனின் நடை வந்துவிட்டது என்று புஷ்பமலர் கண் கலங்கினாள். அவன் மனைவி ஜெயகுமாரி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். தண்ணீர் உறைவதற்கு முதல் படகைக் கரையேற்ற வேண்டும். முடியாவிட்டால் விற்றுவிட வேண்டும். ஐஸ் இறுக்கினால் படகின் வயிறு பிளந்துபோகும். இன்னொரு படகு கண் முன்னால் பழுதாவதை இந்த மனுசன் தாங்கமாட்டார் என்பதுதான் அவள் பயம்.

படகை இழுக்க அவனுடைய சின்னக் காரால் ஏலாது. அதற்கான லைசென்சும் எடுத்து, பிக்கப் தேடத் தொடங்கினான். அவன் இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் கிரிதர் என்று தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவர், கம்ப்யூட்டர் வேலைக்காரர். ஈரமான சரிவில் படகை ஏற்றுவதற்கு நாலு சில்லும் இழுக்கிற வண்டிதான் வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். மெட்ராசில் எங்கே சரிவு கண்டனீர் என்று புஷ்பமலர் பகிடி பண்ண, பாவம், அவரும் சேர்ந்து சிரித்தார். கடைசியில் இரண்டு வாகனம் மிஞ்சியது. ஒன்று நாலு சில்லும் இழுப்பது. பின்னால் ஆட்கள் இருக்கச் சீட் உண்டு, அதனால் பின்பெட்டி கட்டை, நீளம் காணாது. மற்றது பின்சில்லு மட்டும் இழுப்பது. சீட் முன்னால் மட்டும், பெட்டி நல்ல நீளம்.

நாங்கள் வாகனம் பார்க்கப் போவதென்றால் பொம்பிளை பார்க்கப் போகிற மாதிரி. அவன் கூப்பிடவில்லை, ஆனாலும் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் போனோம். நீளப் பெட்டி வாகனத்தை விற்றவர் ஒரு வயதுபோன நோர்வேஜியக் கமக்காரர், உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர். அவருடைய களஞ்சியத்துக்குப் பின்னால் புல்லு மேடு, மழை பெய்து ஈரமாகக் கிடந்தது. ஏறுமா என்று பார்க்கவேண்டும் என்றான் அருட்செல்வம். அதற்குள் நாங்கள் எல்லாரும் பின்பெட்டியில் ஏறிவிட்டோம், புஷ்பமலர் வடைப் பையோடு. வாகனம் ஒரு முனகல் இல்லாமல் மேட்டில் ஏறியது. கமக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அருட்செல்வம் இறங்கி அதன் மூக்கில் தட்டி, இது போதும், காணும் என்று சொல்லி அதையே வாங்கினான். கிரிதர் வாய்க்குள் வடையை மென்றபடி பின்சில்லைக் குனிந்து பார்த்தார்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவனும் ஜெயகுமாரியும் மட்டும் படகுத்துறைக்குப் போனார்கள். ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கி, படகை அதன்மேல் ஏற்றிக் கட்டியாயிற்று. இழுத்தால் வாகனம் அசையவில்லை. பாசி பிடித்த சரிவில் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று ரப்பர் கருகி மணத்தது. இன்னொருதரம் இழுத்தான், படகுதான் வாகனத்தைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. பக்கத்துப் படகுக்காரர் வந்து தன்னுடைய வாகனத்தால் இழுத்து விடவா என்று கேட்டதற்கு, நன்றி, நான் சமாளிப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிறகு சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு, படகை விற்கத்தான் வேண்டும் போல என்று மனைவியிடம் சொன்னான்.

ஜெயகுமாரி வெறும் பின்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு வாகனம் தன்ரை பாட்டிலை ஏறேல்லை. நாங்கள் அத்தினை பேரும் பின்னாலை நிண்டனாங்கள். அந்தப் பாரத்திலைதான் சில்லு பிடிச்சது."

"அதுக்காக ஆக்களைக் கூப்பிட்டு மூட்டை மாதிரி ஏத்துறதே? வேண்டாம்."

அவன் சொல்லச் சொல்லவே அவள் போனை எடுத்துவிட்டாள். குரோருட்டிலிருந்து நானும் புஷ்பமலரும் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். கிரிதர் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்களைக் கண்டதும் அருட்செல்வத்தின் முகம் சுருங்கிப்போனது.

"பெரியம்மா, இந்தக் குளிருக்குள்ளை நீங்கள் ஏன் வந்தனீங்கள்? நான் எப்பிடியும் சமாளிப்பன்."

"தம்பி, நீ எங்களை இஞ்சை எடுப்பிக்கேக்கை நாங்கள் வேண்டாமெண்டு சொன்னனாங்களே? பேசாமல் ஏறி வந்தனாங்கள்தானே. இப்பவும் ஏறத்தான் வந்தனாங்கள். கதவைத் திற."

அவன் பின்கதவைத் திறந்து, என் கையைப் பிடித்து ஏற்றினான். "என்ரை உடம்பைப் பகிடி பண்ணின ஆக்கள் எல்லாம் இப்ப பாருங்கோ" என்றபடி புஷ்பமலர் சரியாகச் சில்லுக்கு மேலே குந்தினாள். கிரிதர், "நான் ரொம்ப லேசு அண்ணா, லேப்டாப் பையையும் மடியில வச்சுக்கவா?" என்று கேட்டார். அருட்செல்வத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சில்லு ஒருதரம் வழுக்கியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்த்தி இருந்தோம், அப்படிப் பிடித்தால் பாரம் கூடும் என்கிற மாதிரி. பிறகு சில்லு கடித்துப் பிடித்தது. பின்னால் படகு தண்ணீர் சொட்டச் சொட்ட மெல்ல மெல்ல மேலே வந்தது. மேலே வந்து நிறுத்தியவன் எங்களை ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினான்.

பின்னேரம் எல்லாருக்கும் கையில் ஒவ்வொரு பை தந்தான். குளிர்பெட்டியில் வைத்திருந்த மக்ரெல். வலை இழுக்கக் கை கொடுத்தவர்களைக் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் கரையில் வழக்கம் இல்லை. மரியாம்பிள்ளையும் அனுப்பியது இல்லை. கிரிதர் மீன் தொடமாட்டார். அவருக்கென்று மறுநாள் அந்தக் கமக்காரரிடம் போய் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி வந்து கொடுத்தான்.

இரண்டு வருடம் கழித்து, நாலு சில்லும் இழுக்கிற நல்ல பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது என்று கிரிதர் பிடித்துக் கொடுத்தார். அருட்செல்வம் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பி வந்தான். என்ன குறை என்று கேட்டோம்.

"நல்ல வாகனம்தான். பெட்டி கட்டை. ஆக்களுக்கு இடம் காணாது."

அந்த ஒக்டோபரில் என் வீட்டுப் போன் அடித்தது. எப்போதும் கூப்பிடுகிற ஜெயகுமாரி என்று நினைத்து எடுத்தேன். அவன்தான்.

"பெரியம்மா, சனிக்கிழமை படகு ஏத்துறம். வருவியளே?"