ரேகைமேல் ஓடிய மை

கீழ்வேளூர்ப் பக்கம் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் காயாரோகணம். குத்தகைப் பதிவுக்கு என்று சொல்லி, பண்ணையார் வைத்தியலிங்கம் எழுதாத முத்திரைத்தாளில் அவருடைய கைநாட்டை வாங்கிக்கொண்டார். மறுமாதம் அதே தாளில், 'நிலத்தை மனமொப்பி விட்டுக்கொடுத்தேன்' என்று எழுத்து ஏறியிருந்தது. முற்றிய கதிரைப் பண்ணை ஆட்கள் அறுத்துப் போனார்கள். தான் உழுத வயலிலேயே கூலிக்கு இறங்கிய காயாரோகணம் மூன்றாம் வருஷம் செத்துப்போனார்.

மகள் சௌந்தரநாயகிக்கு அப்போது பதினாலு வயது. ஊர் மெச்சுவதற்காக அவள் வக்கீலுக்குப் படிக்கவில்லை. அந்த ஆளை ஒருநாள் கூண்டில் ஏற்றவே படித்தாள்.

1973இல் டெல்டாவின் சின்ன ஊர் ஒன்றின் கோர்ட்டுக்கு முன்சீப்பாக, நீதிபதியாக வந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். டவாலி பழக்கதோஷத்தில், "ஐயா வர்றாங்க" என்றே குரல் கொடுத்தான்.

நாலாம் மாதம் பகை தானாகப் படியேறி வந்தது. வீரையன் என்ற குத்தகைக்காரன் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று, கைநாட்டுப் பத்திரத்தோடு வழக்குப் போட்டிருந்தார் வைத்தியலிங்கம்.

"உங்க நிலத்தை உழுத காயாரோகணத்தோட மக நான். கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க" என்றாள்.

எழுந்த தன் வக்கீலைக் கையமர்த்தினார் பண்ணையார். "எந்தக் காயாரோகணம்ங்க அம்மா? எத்தனையோ பேர் உழுதானுவ. ஞாபகம் இல்லையே. நீங்களே விசாரிங்க."

வழக்கைத் தானே அனுப்பிவிடலாமா என்று அதுவரை அவளுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அந்த வார்த்தையில் அது செத்தது.

"எழுதினது முன்னாலயா, கைநாட்டு முன்னாலயா?" என்று கூண்டில் ஏறிய பண்ணையாரைக் கேட்டாள்.

"எழுதி, படிச்சுக் காட்டித்தாங்க கைநாட்டு வாங்கினது."

மூன்று முறை சொல்ல வைத்தாள். மூன்றையும் பதிவு செய்தாள். பிறகு பத்திரத்தை நிபுணருக்கு அனுப்பினாள். எழுத்தின் மை ரேகைக்கு மேல் ஓடியிருக்கிறது, கைநாட்டுதான் முந்தியது என்று அறிக்கை வந்தது.

நிலம் வீரையனுக்கே என்று தீர்ப்பெழுதினாள். போலிப் பத்திரத்துக்காகப் பண்ணையார்மேல் தன் கையாலேயே புகாரும் எழுதினாள். அப்பீலில் ஒரு வரிகூட அசையவில்லை. அறுபத்தெட்டு வயதில் வைத்தியலிங்கம் இரண்டு வருஷம் உள்ளே போனார். வயதைப் பார்த்திருக்கலாமே என்றது பார் அசோசியேஷன். அவளோ, பத்து வருஷம் கிடைக்காமல் போயிற்றே என்று நினைத்தாள்.

தை மாதம் வீரையன் புது நெல் மூட்டையோடு கோர்ட் வாசலுக்கு வந்தான்.

"வாங்கக் கூடாது, எடுத்துட்டுப் போங்க."

சட்டமும் அதுதான். ஆனால் அவன் முகத்தில் இருந்த நிறைவை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பாவின் ஒன்பது மா காலாவதியான வழக்கு. எந்தக் கோர்ட்டும் அதை இனித் திருப்பித் தராது.