வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். தறிக் குடோன் வாசலில் நின்றபடியே எந்தத் தறி மக்கர் செய்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அந்தக் காதைப் பாத்ரூமுக்குள்ளும் கொண்டுபோனதுதான் வினை.

எப்போதோ பைக்கிலிருந்து ஏடாகூடமாக விழுந்ததில் உள்ளே அடிபட்டு, சிறுநீர்க்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் என் கன்னத்தின் உட்தோலைக் கொஞ்சம் எடுத்து, அங்கே வைத்துத் தைத்து வழியை அகலமாக்கினார். ஊரில் கடைவாய்ப்பல் பிடுங்கியதாகச் சொல்லிவைத்தேன். கன்னம் வீங்கியிருந்ததால் நம்பினார்கள். பங்காளி ஒருவர் மட்டும் மேலும் கீழும் பார்த்தார்.

"பல்லுப் புடுங்குனதுக்கு ஏனுங்க காலை அகட்டி நடக்கறீங்க?"

"வேரு ரொம்ப ஆழமுங்க" என்றேன்.

மூன்று மாதம் கழித்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்த பிறகு வேட்டியில் ஒரு சொட்டு ஈரம். மறுநாளும் அப்படியே. தையல் விட்டுப்போச்சு என்று முடிவு செய்தேன். டாக்டர் மேல் சந்தேகம், நூல் மேல் சந்தேகம். நூலில் எனக்கு அனுபவம் உண்டல்லவா. யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். ஈரம் குறைந்தது, சிறுநீர் விழும் சத்தமும் மெலிந்தது. மறுபடி அடைக்கிறதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. மனைவிக்குக் கேட்கக் கூடாதென்று பைப்பைத் திறந்துவிட ஆரம்பித்தேன்.

செக்கப்புக்குப் போனபோது ஒரு புனலுக்குள் ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். வேகத்தை மெஷின் காகிதத்தில் கோடாக வரைந்தது. கோடு எழும்பவே இல்லை, எங்கள் ஊர் ரோடு மாதிரி தரையோடு கிடந்தது.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "மறுபடி சுருங்கியிருக்கலாம். கேமரா விட்டுப் பார்க்கணும். சுருங்கியிருந்தா இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். வேற தொந்தரவு ஏதாவது உண்டுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன். பெரியவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

கூட வந்திருந்த மனைவி விடவில்லை. "பொய் சொல்றாருங்க டாக்டர். வேட்டி நனையுதுன்னு தண்ணியே குடிக்கறதில்லீங்க. காத்தால இருந்து அரை டம்ளர் காப்பி. பாத்ரூமுக்குள்ள போனா பைப்பு மட்டுந்தான் ஓடுது. வேட்டி தொவைக்கறவளுக்குத் தெரியாதுங்களா?"

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வயிறு முட்டத் தண்ணி குடிச்சுட்டு, முட்டும்போது வாங்க. கொஞ்சமா போனா மெஷினும் தப்பாத்தான் காட்டும்."

கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு பாட்டில் குடித்தேன். இரண்டாவது தடவை கோடு மேடாக ஏறி இறங்கியது. "இப்போதைக்குக் கத்தி வேண்டாம்" என்றார். அகலமாக்கிய இடத்தில் கொஞ்சம் தேங்கி நிற்குமாம், அதுதான் பிறகு சொட்டுகிறதாம். முடித்ததும் விரைக்குப் பின்னாலிருந்து முன்பக்கமாக அழுத்திவிட்டால் போதுமாம். ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்.

'இப்போதைக்கு' என்ற சொல் பல்லடம் வரைக்கும் காரில் என்னோடு வந்தது.

மறுநாள் காலையில் பைப்பைத் திறக்கவில்லை. சொன்னபடி அழுத்திவிட்டேன், வேட்டி நனையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் கொலுசொலி.

"சத்தம் எப்படி அம்மணி?"

"நல்லாத்தான் கேக்குதுங்க."

அந்த 'தான்' எதற்கு என்று கொஞ்ச நேரம் உள்ளேயே நின்று யோசித்தேன்.