என் பெயரில் எழுதிய பறவை

பத்தொன்பது வருஷங்களுக்கு முன்பு நான் ஒரு பறவையைத் திருடினேன்.

கூண்டிலிருந்து அல்ல. ஒரு மனிதர் பார்த்த பறவையை, ‘நீங்கள் பார்த்தது அது இல்லை’ என்று சொல்லிப் பட்டியலில் சேர்க்க மறுத்தேன். மறுநாள் தனியாகப் போய் அதே பறவையைப் பார்த்து, என் பெயரில் எழுதிக்கொண்டேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறேனே, அதே நான்தான்.

இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறேன்? உகாண்டா சொல்ல வைத்துவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பறவைக் குழுவின் பெரிய திட்டம் – மேற்கு உகாண்டாவில் ஒரு மழைக்காட்டுப் பூங்காவுக்குப் போவது. விரித்த மேப்பின் நான்கு மூலைகளிலும் சட்னிக் கிண்ணங்கள். எறும்புக் கூட்டம் பேன்ட்டுக்குள் ஏறுமாம், அதனால் பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“பால்கனில வர காக்காய்க்கு ஒரு பிடி சாதம் வைக்கச் சொன்னா எழுந்துக்க மாட்டேள். குருவி பாக்க ஆப்பிரிக்காவா?” என்றாள் என் மனைவி, உப்புமாவை இறக்கி வைத்தபடி.

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அது வெறும் குருவியா? பச்சை மார்பு பிட்டா! நம் பக்கத்து ஆறுமணிக்குருவிக்கு ஆப்பிரிக்கச் சொந்தம். இருண்ட காட்டின் தரையில், மக்கிய இலைகளுக்கு நடுவில் நடமாடும். விடியும் நேரத்தில் மட்டும் கிளையில் நின்று ஒரு துள்ளுத் துள்ளிக் குரல் கொடுக்கும். அதைப் பார்க்காமல் கண்ணை மூடக்கூடாது என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அங்குள்ள வழிகாட்டி ஒரு மெயில் அனுப்பியிருந்தார். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, கண்ணை நம்பாதீர்கள், பறவையைக் காதால்தான் தேட வேண்டும், உங்கள் குழுவில் நல்ல காது உள்ளவர் யார் என்று கேட்டிருந்தார்.

நெருளிலிருந்து வரும் ஷ்ருதிதான் இப்போது, எந்தப் பறவையை முதலில் யார் பார்த்தார் என்கிற எங்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாள். இருபத்தெட்டு வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்தப் பத்தியைக்கூட அவள் அம்மாதான் வாசித்துக் காட்டுவாராம். அவள் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். எனக்கு எழுபத்துநாலு வயது, இரண்டு காதிலும் மெஷின். மற்றவர்களும் சுமார்தான்.

எனக்கு ஒரே ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஞானராஜ். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் செக்கிங் வேலை. பை தைக்கப் போகிற தோலில் ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் பிடித்துவிடுவார். சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஞாயிறு காலை முதல் பூசைக்கு… தவறு, முதல் ஆராதனைக்குப் போய்விட்டு – இதை நான் மாற்றிச் சொல்லும்போதெல்லாம் திருத்துவார் – சயானில் ரயில் ஏறி பாண்டுப்புக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார். பத்துப் பறவைகள் சேர்ந்து கத்தினாலும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிற காது. பைனாகுலர் மட்டும் இரவல்.

பத்தொன்பது வருஷங்களுக்கு முன்பு அந்த ஞாயிறு, பாண்டுப் சதுப்பில் கொசு உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. பெயருக்கு ஏற்ற அளவுதான் இருக்கும். ஞானராஜ் திடீரென்று நின்றார். “ஒண்ணு மட்டும் சத்தம் வேற மாதிரி இருக்கு சார். காலு மஞ்சளா இருக்கு. வெரலப் பாருங்க, எம்புட்டு நீளம்!”

நீள்விரல் கொசு உள்ளான். எங்கள் பட்டியலில் அதுவரை இல்லாத பறவை. அப்போது பட்டியல் என் கையில் இருந்தது. நான் பைனாகுலரைத் தூக்குவதற்குள் அது பறந்துவிட்டது. மஞ்சள் கால் இன்னொரு உள்ளானுக்கும் உண்டு, அது சாதாரணமாக வருவதுதான், புத்தகத்தைச் சரியாகப் படியுங்கள் ஞானராஜ் என்றேன். எல்லோர் முன்னாலும். சிலர் சிரித்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன்? சொல்லிவிடுகிறேன். ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியருக்குத் தெரியாதது தோல் பட்டறைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்… வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அதே இடத்துக்குப் போனேன். அவர் சொன்ன கால். அவர் சொன்ன விரல். பட்டியலில் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அடுத்த மாதப் பட்டியல் வந்தபிறகு ஞானராஜ் வரவில்லை. ‘வேலை அதிகம் போலிருக்கிறது’ என்று மற்றவர்களிடம் சொன்னவனும் நான்தான்.

எங்கள் விளையாட்டில் அம்பயர் கிடையாது. பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் பார்த்தார், அதுதான் சட்டம். ஒரு மனிதரின் சொல்லை மறுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

போன மாதம் உகாண்டாப் பேச்சு நடந்த அந்த வாரமே தாராவிக்குப் போனேன். மனசாட்சி உறுத்தியது பாதி. உகாண்டாவுக்கு ஒரு காது தேவைப்பட்டது மீதி. அதையும் மறைக்காமல் அவரிடமே சொன்னேன்.

ஞானராஜுக்கு முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“பட்டியலப் பாத்த அன்னைக்கே தெரியும் சார்” என்றார். “நீங்க என்னைக்காவது வந்து சொல்லுவீங்கன்னு ஒரு ரெண்டு வருசம் நெனச்சேன். பொறவு விட்டுட்டேன்.”

உகாண்டாவுக்கு எங்களோடு வாருங்கள் என்றேன். அதுவே பரிகாரம் ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. அவர் சிரித்தார்.

“மொதல்ல பட்டியலத் திருத்துங்க. கூட வாறதப் பத்திக் கேட்டா… உங்க கூட வந்தா நான் பறவையப் பாக்க மாட்டேன் சார். நீங்க என்ன எழுதுதீங்கன்னு உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எழுந்து நின்றுதான் சொன்னேன். பழைய உறுப்பினர் ஒருவர், இத்தனை வருஷம் கழித்து எதற்கு இதெல்லாம், ஜானே தோ, விட்டுத்தள்ளுங்கள் என்றார். ஷ்ருதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பறவைகளைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

“அங்கிள், நீங்க எழுதின மத்ததெல்லாம் சரியா?” என்று கேட்டாள்.

அது நியாயமான கேள்வி. சரிதான் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது. லேப்டாப்பைத் திறந்து என் பெயரை எடுத்துவிட்டு ‘ஞானராஜ், தாராவி’ என்று அடித்தாள். பயணப் பெயர்களில் இருந்தும் என்னை எடுத்துவிடு என்று நானே சொன்னேன். பத்து வருஷ ஆசைதான். ஆனால் அந்தக் காட்டில் அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

ஷ்ருதியே தாராவிக்குப் போய் அவரைக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றாராம். இப்போது திட்டமெல்லாம் அவர் வீட்டில்தான் நடக்கிறது. எனக்கு அழைப்பு இல்லை. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவளுடைய பெரிய கருணை.

நேற்றுக் காலை ஃபோன் வந்தது. ஞானராஜ்.

“நீங்க போகலன்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சு. நான் உங்களப் போகாதீங்கன்னு சொல்லல சார்.”

தெரியும் என்றேன். அவர் பட்டறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“மன்னிச்சிட்டேன்னுலாம் சொல்ல வரல. திரும்பி வந்து என்னென்ன பாத்தேன்னு உங்ககிட்ட வந்து சொல்லுதேன்” என்றார். பிறகு, “சொன்னா நம்புவீங்கல்லா?” என்றார்.

நம்புவேன் என்றேன்.

அவர் இன்னும் பாஸ்போர்ட்டே வாங்கவில்லை. நான் இப்போதே நம்பத் தொடங்கிவிட்டேன்.