செல்வி வச்ச நீலப்பூச் செடி

பேய், காத்துக்கருப்பு இதுலயெல்லாம் எனக்கு நம்பிக்கையே கெடையாதுங்க. பூண்டுக்காட்டுக் காவலுக்குப் போயி, காட்டுமாடு பக்கத்துல வந்து நின்னாக்கூட போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குனவன் நான். கேட்டுட்டு நீங்க சிரிக்கத்தான் போறீங்க, சிரிச்சுக்கங்க, ஆனா நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரி செல்வி குடல்ல ஆபரேசன் பண்ணி திண்டுக்கல் ஆஸ்பத்திரில கெடந்தா. வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது, போனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு ஒதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. பக்கத்துக் கட்டில்ல யாராச்சும் தண்ணி குடிச்சா அந்தச் சத்தத்துக்கே கண்ண முழிச்சுப் பாப்பா. "ஒரே ஒரு வாய் குடுங்க, ஒங்க கால்ல விழுறேங்க"ன்னு என் சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுகுறா. கட்டுனவ தண்ணி கேட்டுக் குடுக்க முடியாத பாவி வேற எவன் இருப்பான் சொல்லுங்க. என்னால அங்க நிக்க முடியல. மாத்துச்சேலை எடுத்தாறேன்னு சொல்லி, அவ தம்பிய உக்கார வச்சுட்டு, வெள்ளனே பஸ் ஏறிட்டேன். உண்மையச் சொன்னா ஓடித்தான் வந்தேன்.

மலை மேல எங்க ஊரு பூண்டியில வீட்டுக்கு வந்து பாத்தா சுவத்தோரம் அவ வச்ச ஹைட்ராஞ்சியாச் செடி, கொடைக்கானல்ல அவ வேலை பாத்த பங்களாவுல இருந்து குச்சி ஒடிச்சாந்து நட்டது, நீலமா பந்து பந்தாப் பூக்கும், அம்புட்டும் தலையத் தொங்கப்போட்டு வாடிக் கெடக்கு. கோடைங்கிறதால ஊத்துல இருந்து வர்ற ஓஸ் குழாயில வெறுங்காத்துதான் வருது. அவ மூஞ்சியப் பாத்த மாதிரியே இருந்துச்சு எனக்கு. ஊர்த்தொட்டியில கொடத்துல மோந்தாந்து ஊத்துனேன். வேருக்கு மட்டுமில்ல, பைத்தியக்காரன் மாதிரி கையில அள்ளி அள்ளிப் பூவுக்கெல்லாம் ஊத்துறேன். "குடி செல்வி, குடி தாயி"ன்னு என்னையறியாம வாய் சொல்லுது. மட்ட மத்தியானம் அது, ராத்திரின்னு நெனைச்சுராதீங்க.

அப்பத்தான் மச்சினன் போன் அடிச்சான்.

"மாமா, அக்கா தலகாணியெல்லாம் சொதசொதன்னு நனைஞ்சு கெடக்கு. வாயெல்லாம் ஈரம். ஏன் தண்ணி குடுத்தேன்னு நர்சம்மா என்னைய வையுது. சத்தியமா நான் குடுக்கல மாமா, இங்க பாட்டிலே இல்ல."

"அக்கா என்னடா சொல்லுது?"

"போதும் போதும்னு சொல்லுது."

கொடம் கைய விட்டு நழுவிருச்சு. நானே அவளக் கொன்னுட்டேனேன்னு அலறிட்டேன். நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, செடிக்கடியில நின்ன தண்ணிய ரெண்டு கையாலயும் வழிச்சு வழிச்சு வெளிய எறைச்சேன், இதுக்கு மேல ஒரு சொட்டும் அது குடிச்சிரக் கூடாதுன்னு. சேலையும் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல, கேரட் ஏத்திட்டுப் போன வண்டியில தொத்தி வெரசாப் போனேன். போற வழியெல்லாம் கும்பிடாத சாமி இல்ல. போயி பாத்தா அவ அசந்து தூங்குறா, ஒதட்டு வெடிப்பக் காணோம். எப்படித் தப்புச்சான்னு டாக்டருக்கே தெரியல.

இப்ப வீட்டுல நல்லாத்தான் இருக்கா. இந்தச் சங்கதிய நான் அவகிட்ட மூச்சு விடல. அதுக்கப்புறம் கோடையில ஒரு நா வெளியூர்ல தங்குனதில்ல, எந்தச் சோலியா இருந்தாலும் சாயங்காலம் வந்து செடிக்கு ஊத்திருவேன், பயந்தான்.

போன வாரம் ஊர்த்தொட்டியில பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாங்க. அந்தத் தண்ணியத்தான் ஊத்திட்டு இருந்தேன். உள்ள பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தவ வாசலுக்கு வந்து காறித் துப்புனா.

"என்ன தண்ணிங்க இது, ஒரே பவுடர் வாடை."

அவ கையில டம்ளர் இல்லைங்க.