சாவு வீட்டு ட்ரம்பெட் கல்யாணப் பந்தலில்

எழுபதுகளின் ஆரம்பம். மாத்தளை டவுனில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். ரேடியோவில் வரும் அமெரிக்க சோல் பாட்டு, பொப் பாட்டு எல்லாவற்றையும் காதால் கேட்டே படித்து வாசிப்போம். நான் கிட்டார். பள்ளிக்கூட விழா, கானிவல் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு முதன்முதலாக ஒரு கல்யாணம் கிடைத்தது. கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம், வசதியானவர்கள். இதில் பேர் எடுத்தால் கண்டி வரைக்கும் கூப்பிடுவார்கள் என்று கனவு கண்டோம்.

சோல் பாட்டுக்கு ட்ரம்பெட் இல்லாமல் முடியாது. எங்கள் ஊரில் ட்ரம்பெட் ஊதத் தெரிந்தவர்கள் யார்? கத்தோலிக்கச் சாவு ஊர்வலங்களில் பிரேதத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போகிறவர்கள்தான். அவர்களில் ஒருவரைத்தான் எங்களோடு சேர்த்திருந்தோம். அது கல்யாண வீட்டில் வில்லங்கமாகும் என்று எங்கள் மரமண்டைகளில் ஒன்றுக்குக்கூட உறைக்கவில்லை.

மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் பந்தலுக்கு வந்தார்கள். எங்கள் ட்ரம்பெட்காரர் வாத்தியத்தை உதட்டில் வைத்ததுதான் தாமதம், மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார்.

"இந்தாளு சாவு வீட்ல ஊதுறவரில்ல? ஊர்ல பாதிப் பேரப் பொதைச்சது இவரு ஊதித்தானே! நல்ல காரியத்துக்கு வேற ஆளு கெடைக்கலயா? நிப்பாட்டுங்க!"

ட்ரம்பெட்காரர் ட்ரம்பெட்டைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். சின்ன டவுன். 'சாவு பேண்ட்' என்று பேர் விழுந்தால் அதோடு எங்கள் கதை முடிந்தது. ஆனாலும் அவரை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை. நாங்களும் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தோம்.

அப்போது மணப்பெண் வெள்ளைச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். அதற்கு முந்திய வருஷம்தான் அவளுடைய அப்பா தவறியிருந்தார். நேராக ட்ரம்பெட்காரரிடம் கேட்டாள்.

"எங்கப்பா சாவுல ஊதுனது நீங்கதானே அண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றார். இனித் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அப்பாவ அழகா அனுப்பி வச்சீங்க. இன்னைக்கு என்னையும் நீங்களே அனுப்பி வைங்க."

அவளுடைய அம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊதுங்க தம்பி" என்றார். பெரியப்பா முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று அவர் ஊதியது போல் அதற்கு முன்னும் பின்னும் ஊதி நான் கேட்டதில்லை. சாப்பாடு முடிவதற்குள் அதே பெரியப்பா நடுப்பந்தலில் பைலாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். அதற்குச் சாராயமும் கொஞ்சம் காரணம்!

பிறகு சில வருஷங்கள் எங்களுக்கு ஓய்வே இல்லை. கண்டிக்கும் போனோம், பஸ் இல்லாத லக்கலவுக்கு லொறியில் ஏறியும் போனோம். அப்புறம் ஒருவன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டான், மற்றவர்களுக்கு வேலை, பிள்ளைகுட்டி என்று ஆனது. பேண்ட் கலைந்ததில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை, அந்த முதல் கல்யாணத்தில் படித்தது என்னோடு இருக்கிறது. துக்கத்தில் நம்மோடு நடந்து வந்தவரைச் சந்தோஷத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று எனக்குப் புரிய வைத்தவள் அந்த மணப்பெண்தான். நல்லவேளை, அன்று அவள் எழுந்து வந்தாள்.