பொன்னாடையும் ஒரு கையெழுத்தும்

காலை பத்து நாற்பது. சான் ரமோனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, நாற்காலியில் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடந்த ஒரு சரிகைப் பொன்னாடை. பக்கத்து நாற்காலியில் எங்கள் மானேஜர், மடியில் நீலக் கோப்புடன். உறுப்பினருக்கு அதைப் போர்த்தி மனு கொடுப்பதைப் போட்டோ எடுக்க என்னை வரச் சொல்லியிருந்தார். தகப்பனார் காரியத்துக்குத் திருச்சி போன அவர் மனைவி, விசா முத்திரை கிடைக்காமல் நான்கு மாதமாக அங்கேயே இருந்தார். தன் பிறந்தநாளுக்குள் அம்மா வந்துவிடுவாளா என்று பத்து வயது மகள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து வரிக்கு மேல் மெயில் எழுதினால் திருப்பி அனுப்புகிறவர் மானேஜர். "கேக்க வேண்டியத முதல் வரியில கேளுப்பா" என்பார். அன்று அவர் எழுதி வந்த மனு நான்கு பக்கம். அவர் கல்லூரியில் வாங்கிய மெடல் முதல் பக்கத்தில் இருந்தது. மனைவியின் விசா விண்ணப்ப எண் நான்காம் பக்கத்தில்.

கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட, ஐம்பது வயதிருக்கும் ஊழியர் அம்மாள் ஒருவர் வந்தார். உறுப்பினர் வாஷிங்டனில் இருப்பதாகவும், விசா விவகாரங்களைத் தானே பார்ப்பதாகவும், தங்கள் சார்பில் விசாரிக்க அனுமதிக்கும் சம்மதப் படிவத்தில் மானேஜரின் கையெழுத்திருந்தால் அன்றே தூதரகத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். பொன்னாடையை வாங்க விதி இடம் தராது என்றார். கோப்புக்காகக் கை நீட்டினார். மானேஜர் கொடுக்கவில்லை.

"பி.ஏ. கிட்ட குடுத்தா அங்கயே தூங்கிடும்ப்பா. மெம்பர் கையில நேரா குடுக்கணும்" என்றார் வெளியே வந்ததும். பொன்னாடையை என் கார் டிக்கியில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, பக்கத்து ஊரான டப்ளினின் நூலகத்தில் உறுப்பினரின் பொதுக்கூட்டம். மகளோடு வந்திருந்த மானேஜர் கோப்பை அவர் கையில் நேராகக் கொடுத்தார். நான் படம் எடுத்தேன். உறுப்பினர் சிரித்து, கோப்பைப் பிரிக்காமலே பின்னால் நீட்டினார். வாங்கியவர் அலுவலகத்தில் பார்த்த அதே அம்மாள். நின்றபடியே புரட்டி, படிவத்தை வெளியே எடுத்தார். கையெழுத்து இல்லை. உறுப்பினர் முன்னால் போடலாம் என்று மானேஜர் வைத்திருந்தாராம்.

மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, யூ நெவர் சைன்ட் இட்?"

மானேஜர் அந்த அம்மாளின் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

ஒன்பதாம் நாள் விசா கிடைத்தது. அதே காலை அந்த அம்மாளின் மெயிலும் மானேஜருக்கு வந்தது, எனக்கும் அனுப்பினார்: விசாரித்து எழுதியிருக்கிறேன், தூதரகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்த அம்மாள் எழுதியது வேலை செய்ததா, வரிசை தானாக நகர்ந்ததா? மானேஜர் முதல் நாளே கையெழுத்திட்டிருந்தால் மனைவி மூன்று வாரம் முன்பே வந்திருப்பாரா? மெயிலை மூன்று முறை படித்தேன், பிடிபடவில்லை. மானேஜரைக் கேட்டபோது, "அந்த போட்டோதான்ப்பா" என்றார். பிறகு, "தெரியலப்பா" என்றார்.

இப்போது அந்தப் படம் அவர் வீட்டு ஹாலில் சட்டத்துக்குள் இருக்கிறது. அதில் உறுப்பினருக்குப் பின்னால் அந்த அம்மாளின் முழங்கை மட்டும் தெரிகிறது. பொன்னாடை, உறை பிரிக்காமல், இன்னும் என் கார் டிக்கியில். மகளின் பதினோராவது பிறந்தநாள், கையெழுத்துக்காகத் தள்ளிப்போன அந்த மூன்று வாரத்துக்குள், அம்மா இல்லாமலே வந்து போனது.