கோழியெரு போட்ட மல்பெரித் தோட்டம்

குன்மா மலைச்சரிவில் பட்டுப்புழுவைப் பற்றிப் பெரியவர்களைச் சொல்வது போல மரியாதையாகத்தான் பேசுவார்கள். அங்கே பட்டுப்புழு வளர்க்கும் மாட்சுயோவுக்கு நோய்ப்பட்ட புழுவைக்கூடக் குப்பையில் எறிய மனம் வராது. கோழிகளுக்குப் போடுவாள்.

புழு வளர்க்கும் தட்டுகளை ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, இண்டு இடுக்கெல்லாம் துடைத்தும் இரண்டு இலையுதிர்காலமாகப் புழுக்கள் மடிந்தன. இந்த ஆண்டும் கடைசித் தோல் உரித்தபின் பல புழுக்கள் இலையைத் தொடவில்லை. ஒன்றைப் பிளந்து பார்த்தாள். பச்சையாக இருக்க வேண்டிய குடல் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

ஆய்வு நிலையத்திலிருந்து வந்த நெகிஷி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"வைரஸ்தாம்மா. படிகம் மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள ஆயிரக்கணக்குல பதுங்கியிருக்கும். மாசக்கணக்கா மண்ணுல கிடந்தாலும் சாகாது. புழுவோட குடல்ல இருக்கிற காரத்துலதான் அந்த ஓடு கரையும்."

"கரைஞ்சா?"

"ஒவ்வொரு வைரசுக்கும் தனியா ஒரு கூடு இருக்கு. அதோட மரபுப்பொருளான இரட்டை இழை அந்தக் கூட்டை விட்டு வெளியவே வராது. உள்ளேயே ஒத்தை இழையா நகல் எடுத்து, துளை வழியா வெளிய அனுப்பும். குடல் செல் அந்த நகல் சொல்றபடி புது வைரஸ் செஞ்சு தரும்."

"அறையை விட்டு வராமலே வீட்டை ஆட்டிவைச்ச என் மாமியார் மாதிரி."

நெகிஷி சிரித்தான். "செத்த புழுவை என்ன பண்றீங்க?"

"கோழிக்கு."

"கோழி எச்சம்?"

"தோட்டத்துக்கு எரு."

அவன் சிரிப்பு நின்றது. "கோழி வயித்துல இருக்கிறது அமிலம்மா. ஓடு கரையாம அப்படியே வெளிய வந்து, எரு வழியா இலையில ஒட்டி மறுபடி புழுவுக்கே போயிருக்கும்."

எருவில் பாதியை ஆண்டுதோறும் ஓர்ப்படி சுகினோவின் மேல்தோட்டத்துக்குக் கொடுத்தவள் மாட்சுயோ. சென்ற ஆண்டு சுகினோவின் புழுக்களும் மடிந்தன. அந்த நட்டத்தால் அவள் கணவன் டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான், புத்தாண்டுக்குக்கூட வரவில்லை. இன்று மாலை அவள் மேல்தோட்டத்தில் இலை வெட்டத் தொடங்குவாள்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேணாம் தம்பி. நான்தான் சொல்லணும்."

சுகினோ அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. உங்க எரு புண்ணியத்துல மேல்தோட்டம் எப்படித் தழைச்சிருக்கு பாத்தீங்களா?"

மாட்சுயோ வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"போன வருஷமும் இதேதானா?"

"இதேதான்."

சுகினோ அரிவாளைக் கீழே வைத்தாள். "கீழ்த்தோட்டத்துல ரெண்டு நாளைக்குத்தான் இலை இருக்கு."

"என்னோட ஆத்தோரத் தோட்டத்துக்கு நான் எரு போட்டதில்ல. அந்த இலை முழுக்க நீ எடுத்துக்கோ. என் புழுவை எரிச்சிடறேன்."

"எடுத்துக்கறேன். நானே வந்து வெட்டிக்கறேன். நீங்க இந்தப் பக்கம் வராதீங்க."

எத்தனை நாளைக்கு என்று மாட்சுயோ கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். சில புழுக்கள் இன்னும் இலை தின்றுகொண்டிருந்தன.